பிரிண்டருக்குச் சூடு ஏறும் நேரம்

அத்தியாயம் ஐந்து

மாறுவேடங்களில் சிறந்தது எது என்று யாராவது மூஸாவைக் கேட்டால் ஒட்டுத் தாடி, கறுப்புக் கண்ணாடி என்றெல்லாம் சொல்ல மாட்டான். தாலுகா ஆபீஸ் பெஞ்சில், கையில் ஒரு மனுவோடு உட்கார்ந்தால் போதும் என்பான். ஒரு வாரமாகக் கோரையூர் தாலுகா ஆபீஸில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். நீ யார், என்ன வேணும் என்று ஒரு ஈ கூடக் கேட்கவில்லை. அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க இதைவிட நல்ல இடம் டெல்டாவிலேயே கிடையாது.

"தஞ்சாவூர் அம்சம் துப்பறியும் நிலைய"த்தில் அவன் உதவித் துப்பறிவாளன். நிலையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பரோட்டாக் கடை மாடியில் இருந்தது. அம்சம் துப்பறிவாள். மூஸா உதவுவான். அம்சம் போலீஸில் ஏட்டாக இருந்து, இன்ஸ்பெக்டர்களுக்கு மூளை தேவைப்படுவதில்லை என்று கண்டுபிடித்து, வேலையை விட்டு வந்தவள். மூஸா அதிராம்பட்டினத்துக்காரன். துபாயில் ஒரு கார்கோ கம்பெனியில் நாற்பது பேருக்குப் பொதுவான ஒரே பிரிண்டருக்குப் பேப்பர் மாட்டிக்கொண்டிருந்துவிட்டு, ஊரில் 'கம்ப்யூட்டர் லைன்' என்று சொல்லிக்கொண்டிருப்பவன்.

இப்போது இருவரும் தாலுகா ஆபீஸுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்சம் வறுத்த கடலையை ஒவ்வொன்றாகத் தோல் நீக்கித் தின்றுகொண்டிருந்தாள். அவர்களை அமர்த்திய தர்மாம்பாள் எதிர் பெஞ்சில் இருந்தாள். அந்தம்மாளுக்கு முன்னால் வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

தர்மாம்பாளின் விவகாரம் சின்னது. அதாவது மூன்று மா, ஒரு ஏக்கர் நிலம். மிராசுதார் துரைராசுவிடம் அவள் புருஷன் குத்தகைக்கு எடுத்து, முறையாகத் தாலுகா ஆபீஸில் பதிவும் செய்திருந்தார். இப்போது புருஷனும் இல்லை, கையிலிருந்த நகலும் இல்லை. ஒன்றை மாரடைப்பு கொண்டுபோனது, மற்றதைப் புயல் வெள்ளம். 'அப்படி ஒரு குத்தகையே கிடையாது, இந்தம்மா சும்மா வந்து உழுதுக்கிட்டிருக்கு' என்று துரைராசு ரெவின்யூ கோர்ட்டில் கூசாமல் சொல்லிவிட்டார். பழைய பதிவேடுகளையெல்லாம் சாக்கில் கட்டி மாவட்டத் தலைநகருக்கு அனுப்பிவிட்டார்கள். இனி எல்லாம் கம்ப்யூட்டர்தான். கம்ப்யூட்டரில் பதிவு இருக்கிறது. அதைக் காகிதத்தில் எடுத்து முத்திரை குத்தி நாளைக் காலை கோர்ட்டில் நீட்ட வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதான் ஒரு மாதமாக நடக்கவில்லை.

"ஆத்துல தண்ணி வந்துடுச்சு. நாத்தங்கால்ல நாத்து நட ரெடியா நிக்குது" என்றாள் தர்மாம்பாள். "அத நான் நடறதா, அவன் நடறதான்னு நாளைக்குத் தெரிஞ்சுரும். அந்தப் பாவி எட்கிளார்க்கு கோவிந்தராசு எப்பப் பாத்தாலும் பிரிண்டர நிறுத்திப்புடறான். கவுண்டர்ல உக்கார்ற நடராசன் தம்பி என் நகல என் கண்ணு முன்னாலயே தட்டி அனுப்புது. வரிசையில நிக்குதும்மா, வந்துரும்மாங்குது. பொறவு பாத்தா என்னுது மட்டும் காணும். நடராசன் தம்பி இல்லன்னா நான் அந்த ஆபீசுல அழுதே செத்திருப்பேன். டீ வாங்கிக் குடுக்கும்."

"நல்ல மனுசங்க எங்கயும் இருக்காங்கம்மா" என்றான் மூஸா, உருகி.

அம்சம் ஒரு கடலையை வாயில் போட்டாள். "உன் வேவு அறிக்கையச் சொல்லு. சுருக்கமா. நேத்து ஆரம்பிச்சு உன் மாமி வீட்டுக் கல்யாணம் வரைக்கும் போயிட்ட."

மூஸா தொண்டையைக் கனைத்தான். "ஆபீஸ்ல ஒரு பெரிய பொட்டி. அதுலேருந்து ஒயர் போட்டு ஆறு பேருக்கு ஆறு திரை. எல்லாருக்கும் சேத்து மூலையில ஒரே பிரிண்டர். யாரு எத அனுப்பினாலும் வரிசையில நின்னு ஒண்ணு ஒண்ணா அடிச்சு வரும். வரிசைய நிறுத்தற, ஓட விடற அதிகாரம் கோவிந்தராசு மேசைக்கு மட்டும்தான். அந்தாளு தினம் ஒரு தடவை ஒன்றரை மணி நேரம் நிறுத்திடறாரு. கேட்டா, பிரிண்டர் சூடாயிடுச்சு, ஆறணும்கறாரு."

"தினம் ஒரே நேரத்துலயா?"

"அதுதான்க்கா அதிசயம்! மெஷினுக்குப் பைத்தியம். வெள்ளிக்கிழமை பத்தரைக்குச் சூடு ஏறிச்சு. நான் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பறப்ப ஆறிடுச்சு. செவ்வாய்க்கிழமை நல்லா சாயங்காலம் மூணு மணிக்கு. நேத்து புதன், உச்சி வேளை பன்னெண்டுக்கு. அதையாவது வெயில்னு சொல்லலாம்."

"திங்கக்கிழமை?"

"திங்கக்கிழமை மட்டும் சூடே ஏறல. நாள் முழுக்க ஓடுச்சு. அன்னிக்குத்தான்க்கா மனு நாளு, கூட்டம், வேலை ஜாஸ்தி! வேலை செஞ்சா சூடாகாத மெஷின நான் துபாய்ல கூடப் பாத்ததில்ல."

அம்சத்தின் தோள்கள் குலுங்கின. கடலை புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு, "இன்னைக்கு வியாழன். ஒன்றரைக்குச் சூடு ஏறும். மூணு மணிக்கு ஆறும். பந்தயம்?" என்றாள்.

மூஸா வாயைப் பிளந்தான். "எப்படிக்கா?"

அம்சம் டீக்கடைச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைக் கடலைத் தோலால் சுட்டினாள். மூஸா எழுந்து போய்ப் பார்த்தான். தேதிக்குக் கீழே, சூலம், பரிகாரம் என்று என்னென்னவோ இருந்த கூட்டத்தில், பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது: இராகு காலம், பகல் 1.30 – 3.00.

"திங்கக்கிழமை ராகு காலம் ஏழரையிலேருந்து ஒம்பது" என்றாள் அம்சம். "அப்ப ஆபீஸே தொறந்திருக்காது. மெஷினுக்கு எப்படிடா சூடு ஏறும்?"

"யா அல்லா!" என்றான் மூஸா. "அந்தாளு கறுப்புச் சட்டை இல்லையா? பகுத்தறிவு மன்றச் செயலாளர் இல்லையா? செவ்வாய்க்கிழமை கூட வாசல்ல நின்னு மூடநம்பிக்கை ஒழிக, மூடநம்பிக்கை ஒழிகன்னு..."

"மூணு மணிக்கு முன்னாடி சொல்லிமுடிச்சிருப்பாரு."

*

தலைமை எழுத்தர் கோவிந்தராசுவின் மேசைக்கு மேலே சுவரில் ஒரு ஆணி இருந்தது. எந்தக் கழகம் ஆட்சிக்கு வந்தாலும் படம் மாறும், ஆணி மாறாது. கோவிந்தராசு அந்த ஆணி மாதிரி. இருபது வருஷமாக அதே இடம். கறுப்புச் சட்டையின் பையில் பேனா, அதற்குக் கீழே தொந்தி, அதற்கும் கீழே தரையில் இன்று ஏனோ தாளம் போட்டுக்கொண்டிருந்த ஒரு கால்.

மணி ஒன்றரை. அவர் கீபோர்டில் எதையோ தட்டினார். மூலையில் கரகரத்துக்கொண்டிருந்த பிரிண்டர் சட்டென்று வாயை மூடியது. கூடத்தில் இருந்த யாரும் தலை நிமிரவில்லை.

"சூடாயிடுச்சுங்களா சார்?" என்று அம்சம் எதிரே போய் உட்கார்ந்தாள். மூஸா பக்கத்தில், வழக்கை முடிக்கப்போகிறவனின் முகத்தோடு நின்றான்.

"நீங்க யாரும்மா?"

அம்சம் சொன்னாள். யார் என்பதையும், காலண்டரையும், திங்கட்கிழமையையும். குரலை உயர்த்தாமல், பக்கத்து மேசைக்குக் கேட்காமல், ஒரு நர்ஸ் ஊசி போடுவதுபோலச் சொன்னாள். கோவிந்தராசுவின் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்து தொந்திக்குப் போய்விட்டது.

"அம்மா, மெதுவா... மன்றத்துல தெரிஞ்சா என்ன செருப்பால அடிப்பாங்க" என்றார். "நான் நம்பறவன் இல்லம்மா. நம்பவே மாட்டேன். ஆனா, எதுக்கும்..."

"எதுக்கும்?"

"அரசாங்கத் தஸ்தாவேஜு. ஒருத்தன் நிலம், ஒருத்தன் வீடு. அது கெட்ட நேரத்துல அச்சாகி, நாளைக்கு அவன் குடும்பத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா? எங்க அப்பாருக்கு முதப் பட்டா ராகு காலத்துலதான் கையில குடுத்தாங்க. மறு வருஷம் நிலம் கை மாறிப்போச்சு. அதுலேருந்து..." அவர் தொலைபேசியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். "இன்னைக்கு எம் மக வேற பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில இருக்கா. தலைப்பிரசவம். காலையிலேருந்து வலி. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"அதனாலதான் தர்மாம்பா அம்மாவோட நகல அழிச்சீங்களா?" என்று மூஸா பாய்ந்தான். "துரைராசுகிட்ட என்ன வாங்குனீங்க?"

கோவிந்தராசு அவனை விழித்துப் பார்த்தார். "அழிக்கறதா? தம்பி, சென்னையிலேருந்து வந்த இன்ஜினீயரு எனக்கு ரெண்டே ரெண்டு கட்டளைதான் சொல்லிக்குடுத்தாரு. நிறுத்தறது, ஓட விடறது. மூணாவதா ஒண்ணு இருந்தா எனக்குத் தெரியாது."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க."

"மூஸா," என்றாள் அம்சம், "நீடாமங்கலம் கேட்டுல எத்தன தடவை நின்னிருக்க?"

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்காமல் எவனும் டெல்டாவில் வளர்ந்துவிட முடியாது. மூஸாவின் அக்கா நிக்காஹ்வுக்கு மாப்பிள்ளை வந்த கார் அங்கேதான் நின்றது. "ஆயுள்ல பாதி அங்கதான்க்கா" என்றான்.

"கேட்ட மூடறது யாரு? கேட்கீப்பர். வரிசையில நிக்கற லாரி, பஸ்ஸு எல்லாம் நிக்கும். கேட்டத் தொறந்தா எல்லாம் போகும். ஆனா கேட்டத் தொறந்தப்ப ஒரு வண்டி மட்டும் வரிசையில இல்லன்னா? அதத் திருப்பி ஓட்டிட்டுப் போனது யாருடா? கேட்கீப்பரா?"

"இல்லக்கா. சாவி டிரைவர்கிட்டல்ல..." மூஸா பாதியில் நின்றான். துபாயில் நாற்பது பேர் அவனிடம் சண்டைக்கு வந்தது ஞாபகம் வந்தது. ஒருத்தன் அனுப்பினதை இன்னொருத்தனால் எடுக்க முடியாது. அனுப்பியவன்தான் தன் இடத்திலிருந்து ரத்து செய்ய வேண்டும். அவன் மெல்லத் திரும்பி, கூடத்தின் மறுமுனையில் இருந்த கவுண்டரைப் பார்த்தான். அங்கே நடராசன், நெற்றியில் சின்னதாக விபூதியோடு, ஒரு கிழவருக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவ்வளவு நல்ல முகம்.

"அக்கா, வேணாம்க்கா" என்றான் மூஸா பரிதாபமாக.

"தர்மாம்பா அம்மாவ அந்தத் தம்பி எப்பெப்ப வரச் சொல்லுது? செவ்வாய்னா மூணு மணிக்கு மேல. புதன்னா மத்தியானம். இன்னைக்கு ரெண்டு மணிக்கு. திங்கக்கிழமை வரவே வேணாம், கூட்டமா இருக்கும்னு சொல்லுமாம். பிரிண்டர் ஓடற நேரத்துல அனுப்பினா உடனே அடிச்சிரும், திரும்பி எடுக்க முடியாது. கேட்டு மூடியிருக்கறப்ப அனுப்பினா அந்தம்மா கண்ணால பாத்து நம்பிட்டுப் போவும். அது அந்தாண்ட போனதும் சாவகாசமா வண்டியத் திருப்பிக்கலாம். பழி எட்கிளார்க்கு மேல."

கோவிந்தராசு இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பயலுக்கு நான்தான் வேலையே கத்துக்குடுத்தேன்" என்றார். "ஆனா குத்தகைப் பக்கம் அவன் பாஸ்வேர்டுக்குத்தான் தொறக்கும். நானே எடுத்துக் குடுக்கலாம்னா வழி இல்ல. மெரட்டிக் கேட்டா, பதிவே இல்லன்னு சொல்லிருவான்."

"அதனால அவனே அனுப்பட்டும். நீங்க கேட்டத் தொறந்து வைங்க. இப்பவே. யாருக்கும் சொல்லாம."

கடிகாரத்தில் மணி இரண்டாக ஐந்து நிமிஷம். கோவிந்தராசு கடிகாரத்தைப் பார்த்தார். ஆணியில் இருந்த படத்தைப் பார்த்தார். மேசை மேல் இருந்த தொலைபேசியைப் பார்த்தார்.

"மூணு மணிக்குச் செஞ்சா ஆகாதா?" என்றார் சின்னக் குரலில். "எம் மகம்மா..."

மூஸாவுக்கு ஒரு நல்ல கிண்டல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை அவன் விழுங்கினான். அது அவன் தொழில் வாழ்க்கையில் முதல் தடவை.

வாசலில் தர்மாம்பாள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே நுழைவது தெரிந்தது. வயலில் இறங்குகிறவள் மாதிரி, ஒரு கணம் நின்று, காலைப் பதித்து வந்தாள். கோவிந்தராசு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டாவது கட்டளையைத் தட்டினார்.

*

"உனக்கு ஒரு முக்கியமான பொறுப்பு" என்று அம்சம் மூஸாவிடம் சொன்னாள். "பிரிண்டருக்குப் பின்னால சுவர்ல ஸ்விட்ச் இருக்கு. அது மேல சாஞ்சுக்கிட்டு நில்லு."

"வேற?"

"வேற ஒண்ணும் செய்யாத. ஒரு வாரமா அதத்தான செஞ்ச, நல்லா வருது."

கவுண்டரில் நடராசன் எழுந்து நின்றே வரவேற்றான். "வாங்கம்மா, உக்காருங்க. சாப்பிட்டீங்களா? நாளைக்குக் கோர்ட்டுங்கறதால எனக்கு ராத்திரி தூக்கமே வரல. இந்தா, இப்பவே அனுப்பிடறேன், பாருங்க." திரையை அவள் பக்கம் பாதி திருப்பினான். அவள் புருஷன் பெயர் பச்சை எழுத்தில் மின்னியது. தர்மாம்பாள் கையெடுத்துக் கும்பிட்டாள். நடராசன் தட்டினான். பிறகு சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை, சும்மா, பார்த்தான்.

"வரிசையில நின்னுருச்சும்மா. பிரிண்டர அவரு நிறுத்தி வச்சிருக்காரு, என்ன செய்ய? நீங்க போயி ஒரு டீ சாப்பிட்டு..."

கர்ர்ர் என்றது மூலை.

நடராசனின் வாய் 'டீ' என்ற இடத்திலேயே நின்றது. பிரிண்டரின் தலை இடதும் வலதுமாக ஓடி, ஓரத்தில் ஓட்டை போட்ட காகிதத்தைப் பல் பல்லாக மேலே தள்ளியது. ஒரு மாதமாகக் காத்திருந்த ஒரு காகிதம் கடைசியில் வருகிறது. அதை அனுப்பியவன் சந்தோஷப்பட வேண்டும். நடராசனோ கவுண்டர் கதவை முழங்காலால் உதைத்துத் திறந்துகொண்டு கூடத்தின் குறுக்கே ஓடி வந்தான். மூஸாவின் இடுப்புக்குப் பின்னால் கையை விட்டு ஸ்விட்சைத் தேடினான். கிடைத்தது மூஸா மட்டும்தான்.

"கூச்சமா இருக்கு சார்" என்றான் மூஸா.

"தள்ளுய்யா! சார், சார்!" நடராசன் கோவிந்தராசுவைப் பார்த்து அலறினான். "இது எப்படி சார் இப்ப ஓடுது? ராகு காலம் சார்!"

பிரிண்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. கோவிந்தராசு கண்ணை மூடிக்கொண்டார். இருபது வருஷத்து ரகசியம், ஆறு திரைகளுக்கும் முன்னால், உடைந்து சிதறியது.

அடுத்த மேசையில் இருந்த ரசியா பேகம் தலையைக்கூடத் தூக்காமல் சொன்னாள்: "அதுக்கு ஏன் நடராசு கத்தற? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான. சார் ராகு காலத்த வச்சுத்தான நாங்க சாப்பாட்டுக்கே எந்திரிக்கறோம். எனக்கே மனப்பாடம்."

ஒரு வாரம் பெஞ்சைத் தேய்த்துத் தான் கண்டுபிடித்த மர்மம் மூஸாவின் கண் முன்னால் காற்று போன பலூனாகக் கீழே விழுந்தது.

"ரகசியம் அது இல்ல தம்பி" என்று அம்சம் நடராசன் அருகே வந்தாள். "எல்லாருக்கும் தெரியும், பிரிண்டர் இந்த நேரத்துல ஓடாதுன்னு. அப்ப நீ மட்டும் எதுக்கு இந்த நேரமாப் பாத்து அந்தம்மாவ வரச் சொன்ன? ஓடாத மெஷின் ஓடினா எல்லாரும் ஆச்சரியப்படுவாங்க. பயந்தது நீ ஒருத்தன்தான்."

"எனக்கும் துரைராசுவுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"துரைராசு பேர நான் எடுக்கவே இல்லையே." அம்சம் ஒரு கடலையை உரித்தாள். "போன மாசம் எங்க நிலையத்துல ஒரு மாப்பிள்ளை விசாரணை வந்துச்சு. பேரு நடராசன், அரசு வேலை. பொண்ணு துரைராசுவோட தங்கச்சி மக. பையன் குடிக்க மாட்டான், பொய் சொல்ல மாட்டான், தங்கக் கம்பின்னு எங்க உதவித் துப்பறிவாளர் அறிக்கை குடுத்தாரு. நேர்ல வந்து பாக்கல. பரோட்டாக் கடையிலேயே உக்காந்து விசாரிச்சுட்டாரு."

மூஸா ஸ்விட்சை விட்டு நகர முடியாத காரணத்தால் அங்கேயே நின்று, செத்துப் போனான். அந்த அறிக்கையை எழுதக் காரணமானவன், நடராசனின் நண்பன், மூன்று பரோட்டா சாப்பிட்டிருந்தான். டெல்டாவில் எத்தனையோ நடராசன், அதில் இவன்தான் அவன் என்று யார் கண்டது?

பிரிண்டர் நின்றது. கோவிந்தராசு எழுந்து வந்தார். காகிதத்தைக் கிழித்தார், ஓரத்து ஓட்டைகளை நீக்கினார், ஒவ்வொரு வரியாகப் படித்தார், மேசைக்கு எடுத்துப்போய் முத்திரையை ஊதி ஓங்கிக் குத்தினார். கையெழுத்துப் போட்டார். அது முடிந்ததும்தான் நடராசன் பக்கம் திரும்பி, "தாசில்தார் ரூமுல போயி நில்லு" என்றார்.

நடராசன் போனான். தர்மாம்பாள் வழி மறித்து நின்று அவன் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று மூஸா எதிர்பார்த்தான்.

"அந்த டீயையாவது வாங்கிக் குடுக்காம இருந்திருக்கலாம் தம்பி" என்றாள். அவ்வளவுதான். நடராசனின் தலை நெஞ்சுவரை தொங்கிவிட்டது.

அப்போது மேசை மேல் தொலைபேசி அடித்தது.

கோவிந்தராசு அசையவில்லை. மூன்று தடவை அடித்தது. அம்சம் மூஸாவைப் பார்த்தாள். அவன் போய் எடுத்தான். ஆஸ்பத்திரியில் இருந்து, அவர் சம்சாரம். கேட்டான். "சரிங்க. சொல்லிடறேங்க" என்றான். வைத்தான். கூடம் முழுதும் அவன் வாயைப் பார்த்தது. வாழ்க்கையில் இத்தனை பேர் தன் பேச்சைக் கேட்கக் காத்திருந்தது கிடையாது. அதை நீட்ட அவனுக்கு மனம் வரவில்லை.

"பொம்பளப் புள்ள சார். தாயும் புள்ளையும் சௌக்கியம்."

கோவிந்தராசு பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் துடைத்தார். பிறகு பகுத்தறிவு மன்றச் செயலாளர் மெல்லக் கேட்டார்:

"பொறந்தது... எத்தன மணிக்காம்?"

மூஸா கடிகாரத்தைப் பார்த்தான். போனில் அந்தம்மா சொன்னபடி, பிறந்தது இப்போதுதான், பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்த அந்த நேரம்தான். ஒன்றரைக்கு முன்னாலேயே என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தான். தங்கக் கம்பி அறிக்கைக்குப் பிறகு அவன் பொய்க்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என்று தெரியவில்லை. அதற்குள் தர்மாம்பாள் முந்திக்கொண்டாள். முத்திரை ஈரம் காயாத காகிதத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்தபடி மேசைக்கு எதிரே வந்து நின்றாள்.

"எத்தன மணிக்கா? என் நிலம் எனக்குத் திரும்பி வந்துச்சே, அத்தன மணிக்குங்க அய்யா" என்றாள். "அதப் போயி கெட்ட நேரம்னு எவன் சொல்லுவான், வரச் சொல்லுங்க. நான் பேசிக்கறேன்."

கோவிந்தராசு அவளைப் பார்த்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று அவர் முகத்தில் வந்து போனது. கீபோர்டுப் பக்கம் குனிந்தார். பிரிண்டரை நிறுத்தப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"என்ன பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க?" என்று கூடத்தைப் பார்த்து அதட்டினார். "ரசியா, உன்கிட்ட நிக்கறதையெல்லாம் அனுப்பும்மா. மெஷின் ஓடுதுல்ல!"

மூலையில் மறுபடி கர்ர்ர் என்று சத்தம் கேட்டது. சாப்பாட்டுக்கு எழுந்த மூன்று பேர், அரசாங்கத்தில் இப்படியும் ஒரு அநியாயமா என்று முனகிக்கொண்டே திரும்ப உட்கார்ந்தார்கள்.